மாடிமேல் நிற்கும் விளம்பரப் பலகைகள்: படிப்படியாக எடுப்பதா, ஒரே மூச்சில் எடுப்பதா?

#1 மொட்டைமாடி

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு பெரிய சாலைக்குப் பின்னால் இரண்டாவது வீடு எங்களுடையது. சாலையைப் பார்த்த கட்டடத்தின் மொட்டைமாடியில் 40க்கு 20 அடியில் ஒரு விளம்பரப் பலகை நிற்கிறது. சாலையில் போகிறவர்களுக்குத் தெரிவது அதன் முகம். நாங்கள் தினமும் பார்ப்பது அதன் முதுகு. துருப்பிடித்த ஏங்கிள்கள், நாலைந்து இடத்தில் கட்டுக்கம்பி சுற்றிய முட்டு, அடியில் தேங்கிய மழைத்தண்ணீர். ஆடிக் காற்று தொடங்கியதிலிருந்து ராத்திரி முழுக்க ஃப்ளெக்ஸ் படார் படார் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. போன வாரம் எங்கள் மாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துரு ஏடு விழுந்து கிடந்தது. மகள் அதை எடுத்து வந்து, "அப்பா, இது மரப்பட்டையா?" என்று கேட்டாள்.

அதிகாரிகளிடம் மனு கொடுத்தேன். "அது விதி வருவதற்கு முன்பே நின்ற பலகை, அப்படிப்பட்டதையெல்லாம் படிப்படியாக எடுப்போம்" என்றார்கள். எந்தப் படி, எப்போது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. பலகையிலிருந்து சாலைச் சந்திப்பு 60 அடிகூட இருக்காது.

என் எண்ணம் இதுதான்: விதிக்கு உட்படாத பலகை எதுவானாலும் ஒரே உத்தரவில் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். படிப்படியாக என்ற வார்த்தையே ஏமாற்று. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கேஸ்கட்டர்

அண்ணே, 22 வருடமாகப் பலகைக்கு இந்த இரும்புச் சட்டம் கட்டுகிற வேலைதான் செய்கிறேன். ஏற்றியிருக்கிறேன், இறக்கியும் இருக்கிறேன். ஏடு ஏடாகத் துரு கழன்று விழுகிறது என்றால் அது மேல்துரு கிடையாது, இரும்பே கரைகிறது. முடிந்தால் பேஸ் பிளேட் பக்கம், அதாவது தூணின் அடியில் போல்ட் போட்ட தகட்டுப் பக்கம், போய்ப் பாருங்கள். தண்ணீர் நிற்கிற இடம்தான் முதலில் போகும். மேலே வருடா வருடம் பெயிண்ட் அடிப்பார்கள், கீழே போல்ட்டை எவனும் குனிந்து பார்க்க மாட்டான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். சென்னையில் எதைக் கட்டினாலும் நொடிக்கு 50 மீட்டர் வேகக் காற்றைத் தாங்கும்படி கட்டச் சொல்கிறது இந்தியத் தரக் குறியீடு. மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டரை 150 கிலோ கனம் தள்ளும். உங்கள் 40க்கு 20 பலகை 74 சதுர மீட்டர். ஆக 11 டன். வர்தா புயல் வந்த 2016 டிசம்பர் 12 அன்று அடித்ததே 110, 120 கிலோமீட்டர்தான். அதற்கே நாலைந்து டன் வந்திருக்கும். அவ்வளவையும் தாங்க வேண்டியது மாடித் தளத்தில் இறங்கிய சில போல்ட்டுகள். பல வீடுகளில் அந்தத் தளம் துணி காயப்போடுவதற்காகப் போட்ட தளம்.

ஃப்ளெக்ஸில் அங்கங்கே அரைவட்டமாகக் கீறி விட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். காற்று புகுந்து போவதற்காம். அதனால் பெரிதாக ஒன்றும் குறையாது. புயல் அறிவிப்பு வந்ததும் துணியை அறுத்து இறக்குவதுதான் ஒரே வழி.

#3 பிரிவு_19

சட்டம் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

சென்னையில் இது 25 வருடத்துக்கு மேற்பட்ட கதை. 1998-ல் மாநகராட்சிச் சட்டத்தில் விளம்பரப் பலகைகளுக்கென்று தனிப் பிரிவுகளைச் சேர்த்தார்கள். 2003-ல் விதிகள் வந்தன. உரிமம் தருகிற அதிகாரம் அப்போது மாவட்ட ஆட்சியரிடம் இருந்தது, வரி மாநகராட்சிக்கு. பள்ளிக்கூடம், வழிபாட்டுத் தலம், உள்நோயாளிகள் இருக்கும் மருத்துவமனை இவற்றுக்கு எதிரே பலகை கூடாது. சந்திப்பிலிருந்து இரு பக்கமும் 100 மீட்டருக்குள் கூடாது என்றன அந்த விதிகள். மொட்டைமாடி சொல்வது 60 அடி, அதாவது 20 மீட்டர்கூட இல்லை.

விளம்பர நிறுவனங்கள் நீதிமன்றம் போனார்கள். பேச்சுச் சுதந்திரம் போகிறது, தொழில் செய்யும் உரிமை போகிறது என்பது வாதம். உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2008-ல் உச்ச நீதிமன்றமும் சட்டமும் விதியும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பலகைகள் இறங்கின. அந்தச் சமயத்தில் அண்ணா சாலையில் போனவர்களுக்கு நினைவிருக்கும், பல வருடம் மறைந்திருந்த கட்டட முகப்புகள் வெளியே தெரிந்தன.

இப்போது தேதிகளை வரிசையாகப் பாருங்கள். 1998, 2003, 2008. சட்டத்துக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவே பத்து வருடம். அந்தப் பத்து வருடமும் பெரும்பாலான பலகைகள் வாடகை சம்பாதித்துக்கொண்டுதான் நின்றன. யாரும் அதிகாரபூர்வமாக அவகாசம் கொடுக்கவில்லை. வழக்கே அவகாசமாகிவிட்டது.

அதனால்தான் ஒரே உத்தரவு என்று நீங்கள் சொல்வதைக் கேட்டு எனக்குத் தயக்கம். விசாரிக்காமல், நோட்டீஸ் கொடுக்காமல் எல்லாவற்றையும் ஒரு நாளில் எடுக்கச் சொல்லும் உத்தரவுக்குத் தடை வாங்குவது எளிது. தடை வந்துவிட்டால் அதைப்போல நீளமான அவகாசம் வேறு கிடையாது.

#4 கோவைக்காரன்

நீதிமன்றம், அவகாசம் எல்லாம் சரிங்க. எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பரில் அவிநாசி சாலையில் விழாவுக்கு வைத்த அலங்கார வளைவில் மோதி ஒரு இளம் பொறியாளர் போய்விட்டார். பெண் பார்க்க ஊருக்கு வந்த பையன். அவரைக் கொன்றது யார் என்று சாலையிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் 23 வயதுப் பெண்மேல் பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. 2023 ஜூன் 1 அன்று கருமத்தம்பட்டியில் பலகை வேலையில் இருந்த 3 தொழிலாளர்கள் இரும்புச் சட்டம் சாய்ந்து இறந்தார்கள்.

மூன்றுக்கும் நடுவில் எத்தனை உத்தரவு, எத்தனை கண்டனம். டிராஃபிக் ராமசாமி ஐயா தள்ளாத வயதில் தானே போய் பேனரைக் கிழித்தார், வழக்குமேல் வழக்குப் போட்டார். 2021-ல் அவரும் போய்விட்டார். அவகாசம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது.

#5 மாடிவாடகை

தம்பிகளே, என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒருத்தி எழுதுகிறேன். எங்கள் கட்டடத்தின் மேலும் ஒரு பலகை இருக்கிறது. வீட்டுக்காரர் இருந்தபோது ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். அவர் போன பிறகு அந்த வாடகைதான் எனக்கு மருந்து, மளிகை எல்லாம். வருடா வருடம் உறுதித்தன்மைச் சான்று என்று ஒரு காகிதம் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போவார்கள். யாரும் மாடிக்கு ஏறிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

நாளைக்கே எடு என்றால் என் வருமானம் நாளைக்கே நிற்கும். இரண்டு வருடம் என்று முன்கூட்டியே சொன்னால் மேலே ஒரு அறை கட்டி வாடகைக்கு விடலாமா என்று யோசிக்க நேரம் இருக்கும். என்னைப் போல எத்தனையோ பேர் இருப்பார்கள். அது மட்டும்தான் கேட்கிறேன்.

#6 கேஸ்கட்டர்

அம்மா, கேட்பதற்கு மன்னியுங்கள். மாடிக்கு ஏறாமலே சான்று என்றால், அந்தப் பலகை உறுதியாக இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? வாடகை இருக்கட்டும், அதன் கீழே தூங்குவது நீங்கள்தானே. சட்டம் சாய்ந்தால் தனியாகச் சாயாது. தளத்தையும் கைப்பிடிச் சுவரையும் பெயர்த்துக்கொண்டுதான் போகும்.

#7 வடகரோலினா_தமிழன்

நான் இருப்பது அமெரிக்காவில் டர்ஹம் நகரம். இங்கே இதே வாதம் 40 வருடத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. இந்த ஊரில் ஏன் பெரிய பலகைகள் அதிகம் கண்ணில் படவில்லை என்று வந்த புதிதில் விசாரித்தபோதுதான் தெரிந்தது.

1984-ல் நகராட்சி ஒரு சட்டம் போட்டது. நிற்கும் இடத்தில் நடக்கிற வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லாத வணிகப் பலகைகள் போக வேண்டும், அதற்கு ஐந்தரை வருடம் அவகாசம். பலகையில் போட்ட முதல் அதற்குள் திரும்பிவிடும் என்பது கணக்கு. தேய்மான அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் வழக்குப் போட்டது, பல வருடம் இழுத்தது, கடைசியில் நகராட்சிதான் ஜெயித்தது. அந்த ஐந்தரை வருடமும் சும்மா கொடுத்த சலுகை கிடையாது. இழப்பீட்டுக்குப் பதிலாகக் கொடுத்த காலம்.

இதற்கு நேரெதிரான பாடமும் அமெரிக்காவிலேயே இருக்கிறது. 1965-ல் ஜனாதிபதி ஜான்சன் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் மனைவி அதற்காக அவ்வளவு பாடுபட்டார். விதிக்குப் புறம்பான பலகையை எடுத்தால் இழப்பீடு தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு ஷரத்து. 1978-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். கூட்டாட்சி நெடுஞ்சாலையோரப் பலகைக்கு உள்ளூர் சட்டமானாலும் சரி, பணமாகத்தான் கொடுக்க வேண்டும், காலமாகக் கொடுக்க முடியாது என்றாகிவிட்டது. பணத்துக்கு எங்கே போவது? பழைய பலகைகள் அப்படியே நின்றன. வெர்மான்ட் மாநிலம் 1968-லேயே தனிச் சட்டம் போட்டு, சில வருட அவகாசத்தில் மொத்தமாக எடுத்து முடித்துவிட்டது. ஹவாய் 1927-லேயே தடை செய்தது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கே விதிக்கு உட்படாத பலகையைப் பழுது பார்க்கலாம். பெரிதாக்கக் கூடாது, உயர்த்தக் கூடாது. புயலிலோ தீயிலோ பெரும்பகுதி அழிந்துபோனால் அதே இடத்தில் மறுபடி கட்ட முடியாது. காற்று கொண்டுபோனது போனதுதான்.

#8 மொட்டைமாடி

கடைசியில் சொன்னீர்களே, அது மனத்தில் தங்கிவிட்டது. வர்தாவுக்கு அடுத்த மாதமே எங்கள் சாலையில் சாய்ந்த பலகைகள் அத்தனையும் பழையபடி எழுந்து நின்றன. அந்த ஒரு விதி அன்றைக்கு இங்கே இருந்திருந்தால் யார் போய் இடிக்க வேண்டும்?

#9 தூரிகை

சாவ் பாவ்லோவை யாரும் சொல்லவில்லையே. பிரேசிலின் மிகப் பெரிய நகரம். 2006 செப்டம்பரில் சுத்தமான நகரச் சட்டம் நிறைவேறியது, மேயர் கில்பெர்த்து கசாபு. 2007 ஜனவரி 1 முதல் வெளிப்புற விளம்பரமே கூடாது. சுமார் 15,000 பலகைகள் இறங்கின. கடைப் பெயர்ப் பலகைக்குக்கூட அளவு வைத்தார்கள். கடைக்காரர்களுக்குச் சில மாதம்தான் நேரம். பலகைகள் போனதும் பின்னாலிருந்த குடிசைப் பகுதிகளும் பழைய கட்டடங்களும் தெரிய ஆரம்பித்தன. அதுவரை அந்த வழியாகப் போனவர்களுக்கே தெரியாமல் இருந்தவை.

நான் பேனர் எழுதும் குடும்பத்தில் பிறந்தவன். அப்பா கட்டம் போட்டு 30 அடி முகம் வரைவார். கண்ணை மட்டும் வரைய ஒரு பகல் எடுத்துக்கொள்வார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு இரண்டே வருடத்தில் வேலை நின்றுபோனது. அதற்கு எங்களுக்கு யாரும் அவகாசம் தரவில்லை. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. நிறுவனங்களுக்கு ஐந்து வருடம் வேண்டும் என்று கேட்கும்போது அப்பா ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

#10 பிரிவு_19

தூரிகை சொன்னது மனத்தைத் தொட்டது. ஆனாலும் சாவ் பாவ்லோவில் அது முடிந்ததற்குக் காரணம், எல்லாருக்கும் ஒரே விதி, ஒரே நாள். விதிவிலக்கு மிகக் குறைவு. நம் ஊரில் விதியைவிட விலக்கு நீளம். இந்த நிலம் ரயில்வேயுடையது, அது துறைமுகத்துடையது, இது நெடுஞ்சாலைத் துறை என்று ஆளுக்கொரு எல்லை.

மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று நடந்தது அதுதானே. பெட்ரோல் பங்க்மேல் விழுந்த பலகை 120க்கு 120 அடி. மும்பை மாநகராட்சி அனுமதிக்கும் அதிகபட்சம் 40க்கு 40. பரப்பில் ஒன்பது மடங்கு! நின்ற இடம் ரயில்வே போலீஸ் வசம் இருந்த நிலம், அதனால் மாநகராட்சி அனுமதி வேண்டாம் என்று நினைத்தார்கள். 17 பேர் போனார்கள். காற்றுக்கு நிலம் யாருடையது என்று தெரியாது.

வருமானத்தையும் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டிக்காக 2016-ல் அரசியலமைப்பைத் திருத்தியபோது விளம்பர வரி போடும் அதிகாரம் மாநிலப் பட்டியலிலிருந்து நீங்கியது. உள்ளாட்சிகளுக்கு அந்த வரி போய், இப்போது உரிமக் கட்டணமாக வருகிறது. கட்டணம் வாங்குகிறவரே அகற்ற வேண்டியவராகவும் இருந்தால் வேகம் வராது. 2023-ல் புது விதிகள் வந்தன. அனுமதியில்லாமல் வைத்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று அரசு அறிவித்தது. கட்டட உரிமையாளரும் இதற்குள் வருகிறார். மாடிவாடகை அம்மா இதைக் கவனிக்க வேண்டும்.

#11 பெங்களூர்வாசி

சின்னத் தகவல். இங்கே 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்ததும் ஃப்ளெக்ஸ்கள் மளமளவென்று இறங்கின. மாநகராட்சி மன்றம் தடைத் தீர்மானமும் போட்டது. ஆனால் துணி இறங்கினதே தவிர இரும்புச் சட்டங்கள் பல இடத்தில் வெறுமனே நின்றுகொண்டிருந்தன. சட்டம் நிற்கும்வரை அதன்மேல் துணி ஏறுவதற்கு ஒரு ராத்திரி போதும். உத்தரவு எழுதும்போது பலகை என்று எழுதாமல் அடிப்பிளேட் உட்பட என்று எழுத வேண்டும்.

#12 கேஸ்கட்டர்

பெங்களூர்வாசி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் எடுக்கிற வேலையைப் பற்றி யாருமே பேசவில்லையே, அதுதான் எனக்கு வருத்தம். ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் எடு என்று உத்தரவு வந்தால் மேலே ஏறப்போவது என் பையன்கள். அந்த மாதிரி நேரத்தில் ஆள் பற்றாது. பழக்கமில்லாதவனைக் கூட்டி வருவார்கள், பெல்ட் இருக்காது, கிரேன் வாடகை அதிகம் என்று கயிற்றில் கட்டி இழுப்பார்கள். நடுத்தூணை முதலில் அறுத்துவிட்டால் மொத்தச் சட்டமும் திருகிக்கொண்டு அறுத்தவன்மேலேயே வரும். நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். எழுத முடியவில்லை.

ஒழுங்கான முறை என்றால் முதலில் துணி, அப்புறம் தகரம், அப்புறம் மேலிருந்து குறுக்குக் கம்பிகள். தூணைக் கிரேன் பிடித்த பிறகுதான் கட்டர் வைக்க வேண்டும். பக்கத்தில் மின்கம்பி போனால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்த வேண்டும். ஒரு 40க்கு 20ஐ நாலு ஆள் வைத்து நிதானமாக இறக்க இரண்டு நாள். நகரம் முழுக்க எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். படிப்படியாகத்தான் எடுக்க முடியும். எது முதல் படி என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால் துரு அதிகமானது முதலில், சந்திப்பில் நிற்பது அடுத்தது, கீழே பஸ் ஸ்டாப் இருப்பது அதோடு சேர்த்து. எப்போது உரிமம் வாங்கினான் என்கிற வரிசை இதற்கு உதவாது.

#13 மொட்டைமாடி

ஒரே உத்தரவு என்று தொடங்கியவன் நான். இந்த இரண்டு நாளில் என் எண்ணம் மாறியிருக்கிறது. கருமத்தம்பட்டியில் போனவர்கள் வேலைக்காரர்கள்தான் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஆனாலும் கோவைக்காரருடைய கோபத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. டர்ஹமில் ஐந்தரை வருடம் என்று எழுதியிருந்தது. சாவ் பாவ்லோவில் ஜனவரி 1 என்று எழுதியிருந்தது. எனக்குச் சொன்ன படிப்படியாக என்பதில் தேதியே இல்லை. அவகாசம் இரண்டு வருடமோ இரண்டு மாதமோ, இந்தப் பலகைக்கு இந்த நாள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நாளை அந்தப் பலகையிலேயே கீழ் மூலையில், தெருவில் நிற்கிறவன் படிக்கிற அளவு எழுத்தில் போட வேண்டும். டிஜிட்டல் பேனரில் அனுமதி எண்ணும் தேதியும் அச்சடிக்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. இரும்புச் சட்டத்துக்கும் அதைச் செய்யலாம். வார்டு வாரியாகப் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டலாம். இடையில் காற்றில் சாய்ந்தால் எழுப்பக் கூடாது. துருப்பிடித்ததற்கு அவகாசமே கிடையாது.

கோவைக்காரரே, இது உங்களுக்குச் சம்மதமா?

#14 கோவைக்காரன்

நாள் எழுதி, அந்த நாளில் எடுத்தால் சம்மதம்ங்க. எழுதின நாள் கடந்தும் பலகை நின்றால் தினக்கட்டணம் அபராதமாக ஏற வேண்டும், அதுவும் விளம்பரம் கொடுத்த கம்பெனிமேல். நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் இரண்டு நோட்டீஸ் போகட்டும், பலகைக்காரன் தானாக இறக்குவான்.

#15 பிரிவு_19

சட்டப்படி தாக்குப்பிடிக்கும் யோசனைதான். ஒவ்வொரு பலகைக்கும் தனி நோட்டீஸ், தனி விசாரணை, காரணத்தோடு தேதி. இப்படிச் செய்தால் தடை கேட்பவருக்கு வாதம் குறைவு. ஆபத்தானதை உடனே எடுப்பதற்கும் வழி உண்டு. டெல்லிச் சாலைகளில் போக்குவரத்துக்கு ஆபத்தான பலகைகளை எடுக்க 1997 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

மொட்டைமாடி, நீங்கள் மறுபடி மனு எழுதும்போது படிப்படியாக என்று சொன்ன பதிலையே இணைத்து, இந்தக் குறிப்பிட்ட பலகைக்கான தேதி என்ன என்று மட்டும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். துரு ஏட்டைப் படம் எடுத்து வையுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து.

#16 மாடிவாடகை

நேற்று பக்கத்து வீட்டுப் பையனை மாடிக்கு அனுப்பி நாலு தூணின் அடியையும் செல்போனில் படம் எடுத்துவரச் சொன்னேன். இரண்டு தூணில் நட்டே இல்லை. ஒரு இடத்தில் தளம் வெடித்து உள்கம்பி தெரிகிறது. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒப்பந்தம் இந்த ஐப்பசியோடு முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை என்று காலையில் பதிவுத் தபாலில் எழுதிப் போட்டுவிட்டேன். முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அதை எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் இரும்பை நான் என்ன செய்வது? கேஸ்கட்டர் தம்பி, நீங்கள் வந்து பார்க்க முடியுமா?

#17 கேஸ்கட்டர்

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் அம்மா. ஐப்பசி வரைக்கும் வைத்திருக்க வேண்டாம், அது மழைக்காலம். நட்டு இல்லாத படத்தோடு நிறுவனத்துக்கு இன்னொரு கடிதம் எழுதி, துணியை இந்த வாரமே இறக்கச் சொல்லுங்கள். துணி இறங்கினாலே பாதி பாரம் குறைந்த மாதிரி. அதுவரை அந்தப் பக்க அறையில் படுக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டி தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள், கிரேன் கை நீட்ட இடம் வேண்டும். வேலையை விடியற்காலை தொடங்கிவிடலாம், பத்து மணிக்கு மேல் காற்று எடுக்கும்.

#18 மொட்டைமாடி

அம்மா, ஞாயிற்றுக்கிழமை நானும் வரட்டுமா? அடிப்பிளேட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டால், எங்கள் தெருவில் மற்ற மாடிகளிலும் ஏறிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இதுவரை எண்ணியதில் பேருந்து நிறுத்தத்திலிருந்து சந்திப்பு வரைக்கும் 11 பலகை இருக்கிறது.